பத்து நிமிட சீட்

மலையூரான ரிங்லெட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நின்றே வேலை செய்வார். அங்கே நாற்காலியே கிடையாது.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்குச் சைக்கிளில் மேடேறிப் பாடம் நடத்தப் போய்வந்து, உட்காரவே முடியாமல் போன நான், என் பழைய நுரை சீட்டைவிட மெத்தென்று ஒன்று கேட்டேன்.

அவர் முட்டைக்கோஸ் பெட்டியின் அட்டையை வாசற்படியில் போட்டார். “உட்காருங்க சார்.” நான் எழுந்ததும், அட்டையில் என் எலும்புகள் பதித்த இரண்டு பள்ளங்களின் இடைவெளியை அளந்தார். “மெத்துன்னு இருக்கறது பத்து நிமிசத்துக்குத்தான் லா,” என்று அகலமான, கெட்டியான சீட்டை மாட்டினார். வலி போயிற்று.

அதைச் சொல்ல மறுவாரம் போனேன். மரக்கட்டையில் பொருத்திய என் பழைய சீட்டில் உட்கார்ந்து கண்மூடியிருந்தார்.

“என்னண்ணே, இது ஆகாதுன்னீங்க?”

“எனக்குப் பத்து நிமிசம்தானே சார் கிடைக்குது,” என்று எழுந்துவிட்டார். அன்றைக்கு அதையும் கெடுத்தவன் நான்.