ஐஸ் தூக்குகிறவர் பார்த்த பனிக்கரடி

எதிர்வீட்டு அண்ணன் காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ்கட்டி ஏற்றுகிறவர். எங்கள் பெரிய டிவியில் துருவப் படம் ஓடினால் வந்து தரையில் உட்கார்ந்துகொள்வார். கைகளை எப்போதும் அக்குளில் செருகியிருப்பார்.

அன்று ஒரு பனிக்கரடி, மெல்லிய பனியைக் காலால் தொட்டுப் பார்த்துப் பார்த்து நடந்தது.

“இன்னா உஷாரா கீது பாரு தங்கச்சி. காலு மரத்துச்சுன்னா அதோட கதை காலி. எங்க கம்பெனிலயும் அப்டிதான். வெரலு மரத்துட்டா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கோ.”

முந்தானையால் பிடித்து வந்த டீயை நீட்டினேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், டம்ளரை உள்ளங்கை முழுக்கப் பற்றி வாங்கினார்.

“இன்னாமா, ஆறிப்போன டீய குடுக்கற?”

“ஆமாண்ணே, சுடவச்சுத் தரேன்” என்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுப்படியில் வைத்தபோதும் அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் கைகளை மறைக்கிறாரா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.