என் மகள் கரார் டாக்டர்

இன்று மகள் வேலை பார்க்கும் மெடிக்கல் காலேஜுக்குப் போனேன். ஆறு வருடமாக அங்கே மெடிசின் டிபார்ட்மென்டில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறாள். நிரந்தர வேலைக்கான லிஸ்ட் இன்று வரும் என்றிருந்தாள். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்து, விபூதியோடு பஸ் ஏறினேன்.

டிபார்ட்மென்ட் வாசலில் இருந்த மலையாளத்து அம்மாவிடம் மகள் பெயரைச் சொன்னேன்.

"ஓ, நம்ம கரார் டாக்டர்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆமாங்க, சின்னதுலிருந்தே கறாருங்க. பாடம்னா ஒருத்தரையும் சும்மா விடமாட்டா."

அந்த அம்மா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அதற்குள் பின்னால் வந்து நின்ற மகள் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"ஏம்மா மானத்த வாங்கற? மலையாளத்துல கரார்னா காண்ட்ராக்ட்டு."

"அது கெடக்குது சாமி. லிஸ்ட் என்னாச்சு?"

"எங்கிட்டப் படிச்ச பொண்ணுக்குக் கெடச்சிருச்சு. கரார்ல வேலை பாத்த வருஷமெல்லாம் சர்வீஸ்ல சேத்தமாட்டாங்களாமா."

கொண்டுபோன விபூதியை அவள் நெற்றியில் வைத்தேன். உடனே கிளம்பினாள்.

"எங்க போற?"

"அந்தப் பொண்ணு இன்னைக்கே ஜாயின் பண்றா, ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டிருக்கா. அவளோட கிளாஸையும் நாந்தான் எடுக்கோணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்று விளங்கியது. என் மகள் மலையாளத்தில் கரார். காலேஜ்தான் தமிழில் கறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டாக்டர் இருந்தால் சொல்லுங்கள். எந்த மொழியில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.