உசத்தி பெட்ரோல்

அந்தப் பெட்ரோல் பங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உசத்தி அக்கா என்றால்தான் தெரியும். பங்கில் இரண்டு வகைப் பெட்ரோல் உண்டு. ஒன்று சாதா. இன்னொன்றுக்குக் கம்பெனி வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தது. வேலை செய்கிறவர்கள் அதை உசத்தி என்றார்கள். விலை உசத்தியாக இருந்தால் சரக்கும் உசத்தியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. அந்த வியாதியை அவளைப் போல உபயோகப்படுத்திக்கொள்ள அங்கே வேறு ஆள் இல்லை.

மற்றவர்கள் "எது போடட்டும் சார்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் சாதா என்றுதான் பதில் வரும். அவள் கேட்கவே மாட்டாள். வண்டி வந்து நிற்பதற்குள் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, "உசத்திதானே சார்?" என்பாள். பக்கத்தில் மாமனாரை உட்கார வைத்துக்கொண்டு, "இல்லைம்மா, மட்டமானதையே போடு" என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்? தப்பித் தவறி யாராவது அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டால், "இன்ஜினை உள்ளே கழுவி விடும் சார். வண்டி பஞ்சு மாதிரி போகும்" என்பாள். டை கட்டிக்கொண்டு வந்த கம்பெனி ஆள் ஒருவர் படம் போட்டுக் காட்டியபோது மனப்பாடம் செய்தது அது. அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மாதா மாதம் அதிகம் விற்றவருக்கு மேனேஜர் ஒரு குடை கொடுப்பார். அவள் வீட்டில் குடைகளை வைக்க இடமில்லை.

அவளுக்கென்று இருந்த ஒரே உறவு தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால் பல்கூட விழுந்திருக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே கம்பி நீட்டிவிட்டார். அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடி, வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து, கடைசியில் அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தம்பி டாக்ஸி ஓட்டினான். வண்டி பழையதென்றாலும் சொந்த வண்டி. ஊரே ஒன்று சொன்னாலும் அக்கா சொன்னால்தான் அவன் காதில் ஏறும். தம்பி பெண்டாட்டி இதை வைத்தே அவனைக் கேலி பண்ணுவாள். "இவருக்குப் பசிக்குதா இல்லையான்னுகூட உங்களைத்தான் கேக்கணும் அண்ணி" என்பாள்.

ஒரு நாள் அவன் வண்டியைப் பங்கில் ஓரமாக நிறுத்திவிட்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, ஏத்தத்துல ஏறும்போது இன்ஜின் டக்டக்குன்னு தட்டுது. ஸ்டாண்டுல ஆளுக்கொண்ணு சொல்றானுங்க. உசத்தியைப் போட்டா நின்னுடும்கறான் ஒருத்தன். அதெல்லாம் ஏமாத்து வேலை, ஒரு வித்தியாசமும் தெரியாதுங்கறான் இன்னொருத்தன். நீ சொல்லு."

"மெக்கானிக்கிட்ட காட்டினியா?"

"அவர் பிரிச்சுப் போட்டா ஒரு வாரம் வண்டி படுத்துக்கும். அதான் உன்னைக் கேக்கறேன். வித்தியாசம் தெரியுமா, தெரியாதா?"

பின்னால் வண்டிகள் காத்திருந்தன. கையில் குழாய் இருந்தது. வாய் பழகிப் போயிருந்தது. "இன்ஜினை உள்ளே கழுவி விடும்டா. பஞ்சு மாதிரி போகும்" என்றாள். முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்பிப்பதைக் கூடப்பிறந்தவனிடமும் ஒப்பித்துவிட்டோம் என்பது அவன் வண்டி வெளியே போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நல்லதுதானே என்று விட்டுவிட்டாள்.

வித்தியாசம் தெரிந்ததா என்றால், தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. அடுத்த முறை டேங்கை நிரப்பியபோது தட்டல் அடங்கிவிட்டதாகச் சொன்னான். ஸ்டாண்டில் அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. எங்க அக்கா சொன்னா சும்மாவா என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். மெக்கானிக் பக்கம் போகவே இல்லை. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வெயில் கொளுத்திய ஒரு பகலில் அவன் சவாரி ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனான். பாதி ஏற்றத்தில், ஒரு வளைவில், வண்டி சட்டென்று நின்றுவிட்டது. ஓரம் கட்ட இடமில்லை. வந்தவர்களை இறங்கி மேலே போய் நிற்கச் சொல்லிவிட்டு, முன்பக்க மூடியைத் திறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த லாரி வளைவு திரும்பிய பிறகுதான் டாக்ஸியைப் பார்த்தது. மேலே நின்றவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவன் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

எல்லாம் முடிந்து, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி பெண்டாட்டி அவளோடு வந்து இருந்தாள். அவளுக்கும் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிச்சமில்லை. மெக்கானிக் துக்கம் விசாரிக்க வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, தன் மனசு ஆறுவதற்காகவோ என்னவோ, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"ரேடியேட்டர்ல ஓட்டைம்மா. இன்ஜின் சூட்டை ஆத்தற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஒழுகியிருக்கு. அதான் கொதிச்சு நின்னுடுச்சு. சூடு காட்டற முள்ளும் அவன் வண்டியில வேலை செய்யாது. இன்ஜின் சூடாச்சுன்னா ஏத்தத்துல தட்டும். அதைக் கேட்டுத்தான் எல்லாரும் என்கிட்ட வருவாங்க. இவன் விலை அதிகமான பெட்ரோலைப் போட்டிருக்கான். அதுல தட்டல் அடங்கிடும். ஓட்டை அடைபடுமா? சத்தம் கேட்டிருந்தா என்கிட்ட வந்திருப்பான்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி பெண்டாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் நின்னதுல அவருக்கு அவ்வளவு சந்தோஷம் அண்ணி. எல்லாம் அக்கா புண்ணியம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

குத்திக்காட்டச் சொன்னதில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இருக்கிற ஒருத்தியும் கையை விட்டுவிடுவாள் என்று பயமாக இருந்தது. அன்றிலிருந்து சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த வார்த்தை தொண்டை வரை வரும், திரும்பிப் போகும். தம்பி பெண்டாட்டியோ அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பங்கிலிருந்து வந்தால் கால் பிடித்துவிடுவாள். அந்தக் கை படும்போதெல்லாம் அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பங்கில் அவளை அதே குழாயில்தான் நிறுத்தினார்கள். அவளும் இப்போது மற்றவர்களைப் போல "எது போடட்டும் சார்?" என்றாள். எல்லோரும் சாதா என்றார்கள்.

பிறகு ஒரு நாள் பின் சீட்டில் பிள்ளைகளோடு ஒரு கார் வந்தது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, இந்த விலை அதிகமானதுல நிஜமாவே வித்தியாசம் தெரியுமா? ஏத்தத்துல வண்டி தட்டுது" என்று கேட்டார்.

"தெரியும் சார். என் தம்பி டாக்ஸியும் இப்படித்தான் தட்டுச்சு. இதைப் போட்டதும் சத்தம் சுத்தமா நின்னு போச்சு."

அவள் மூச்சு வாங்குவதற்குள் அவர் மனைவி பக்கம் திரும்பி, "பார்த்தியா, நான் சொல்லலை?" என்றார். "ஃபுல் பண்ணுங்கம்மா."

அவள் குழாயைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்து, "சத்தம் நின்னதுனாலதான் சார் அவன் செத்தான். இன்ஜின் சூடாகுதுன்னு தெரியாமலே போயிடுச்சு. நான்தான் போடச் சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது சார். மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்றாள்.

அவர் மனைவி பின் சீட்டிலிருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குரலை இறக்கி, "சாதாவே போடுங்கம்மா" என்றார். மெக்கானிக்கிடம் போனாரோ என்னவோ, அவளுக்குத் தெரியாது.

யாரோ ஒருவரிடம் சொல்ல முடிந்ததை வீட்டில் ஒளித்து வைத்துக்கொண்டு இனி தம்பி பெண்டாட்டி கையால் ஒரு வாய் சாப்பிட முடியாது என்று தோன்றியது. மாலையில் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றே சொன்னாள். தம்பி கேட்டது, தான் சொன்னது, தனக்குத் தெரியாதது எல்லாவற்றையும் சொன்னாள்.

தம்பி பெண்டாட்டி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள்.

அழவில்லை, சத்தம் போடவில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா சாப்பிடாமல் தட்டை மூடி வைத்துவிட்டு, அதே அறையில் இந்தப் பக்கச் சுவரோரம் பாயை விரித்தாள். போவதற்கு இருவருக்குமே வேறு வீடு இல்லை.