தெருவுக்கே கேட்ட ரீங்காரம்

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது ஒரு மின்தடை நாளில். பராமரிப்பு என்று சொல்லி மாதத்துக்கு ஒருமுறை காலையில் நிறுத்தி மாலையில்தான் கொடுப்பார்கள். மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. பக்கத்து வீட்டுக் கிரைண்டர் நின்றது. எல்லாம் நின்ற பிறகும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. தீப்பெட்டிக்குள் அடைத்து வைத்த பொன்வண்டு போல, ஓய்வில்லாமல் ஒரு ரீங்காரம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒலி என்றால் என்ன, அது எப்படிப் பரவுகிறது என்று இருபது வருடங்களுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஆகவே பயப்படவில்லை, ஆராய்ந்தேன். கரண்ட் இல்லை, எனவே மின்சாதனம் காரணமில்லை. ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். சத்தம் குறையும் என்று எதிர்பார்த்தால் இன்னும் தெளிவாகக் கேட்டது. அப்படியானால் வெளியிலிருந்து வரவில்லை, சுவரிலோ தரைக்கு அடியிலோ இருக்கிறது என்று தீர்மானித்தேன். இதே சோதனையிலிருந்து வேறொரு முடிவுக்கும் வந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

மதியம் சாப்பிட வந்த கணவரிடம் கேட்டேன். அவர் உடுமலையில் பம்புசெட் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். மோட்டார் இரைச்சலைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்.

"ஏனுங்க, ஒரு சத்தம் கேக்குதுங்களா?"

கையில் சோற்றோடு தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆமா அம்மணி. லேசாக் கேக்குதாட்டத்தான் இருக்குது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஃபிரிட்ஜை நகர்த்திப் பின்னால் பார்த்தார், மொட்டை மாடித் தொட்டியைத் தட்டிப் பார்த்தார், தரையில் காதை வைத்துப் படுத்தும் பார்த்தார். ஒரு மனிதர் தனக்குக் கேட்காத சத்தத்துக்காக இவ்வளவு பாடுபடுவார் என்று யாராவது நினைப்பார்களா?

பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். எங்கள் தெரு முன்பு தென்னந்தோப்பாக இருந்த இடம். தோப்பு இருந்த காலத்திலிருந்தே இந்தப் பக்கத்தில் இருப்பவர் அவர். மதில்மேல் கைவைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"கேக்குதுங்க டீச்சர். நல்லாவே கேக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்டச் சொல்லலாமோ என்னமோ. தெருக்கோடியில ஒரு கெணறு இருந்துதுங்க. பாறைய வெடிவெச்சு எறக்குன கெணறு. மண்ணக் கொட்டி மூடிப்போட்டுத்தான் சைட் போட்டாங்க. ஒரு பூசையில்ல, ஒரு தேங்காய் ஒடைக்கல. மூடுன கெணறு சும்மா இருக்குமுங்களா? மொனகத்தானே செய்யும்."

கிணறு முனகாது என்று நான் விளக்கினேன். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க" என்றார். அடுத்த நாள் தெருவில் பாதிப்பேருக்குக் கிணறு முனகுவது கேட்டது.

மீதிப்பேருக்கு அறிவியல் பூர்வமாகக் கேட்டது. கோவையில் வேலைக்குப் போய்வரும் இன்ஜினியர் ஒருவர், மேற்கே நிற்கும் காற்றாலைகளின் அதிர்வு பூமிக்குள் இறங்கி வருகிறது என்றார். தேங்காய் நார் மில்லின் மோட்டார் என்றார் ஒருவர். செல்போன் டவர் என்றார் இன்னொருவர். நான் காற்றாலைக் கட்சி. போனில் பதிவு செய்து பார்த்தேன். ஒன்றுமே பதியவில்லை. இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணைப் பிடிக்கப் போனின் மைக்குக்குத் திறமை போதாது என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளகோவிலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது அங்கேயும் கேட்டது. "உனக்குக் கேக்குதா கண்ணு?" என்றேன். "கேக்குதுங்கக்கா" என்றாள் அவள். ஆக, அதிர்வு வெள்ளகோவில் வரை பரவியிருந்தது. என் கொள்கைக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டுமா?

இந்த ஒற்றுமையைக் கெடுத்தவர் எதிர்வீட்டுக்குக் குடிவந்த வங்கி அதிகாரி. திருநெல்வேலிக்காரர். மாற்றலில் வந்தவர். பால் வாங்க நின்றவரிடம் கேட்டேன்.

"சத்தமா?" என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுங் கேக்கலயே டீச்சர்."

இப்படி ஒரு பதிலை யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டு அம்மா அவருக்காகக் கூச்சப்பட்டார். "புது எடமில்லீங்களா. போகப்போகக் கேக்குமுங்க" என்று சமாதானம் சொன்னார். அன்றிலிருந்து தெருவே அந்த மனிதரைப் பரிவோடு பார்க்க ஆரம்பித்தது. ஒருவர் காதுக்குள் விட எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். நான் என் பங்குக்கு, கோவையில் நல்ல காது டாக்டர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தேன். இந்த வயதிலேயே காது போனால் பின்னால் கஷ்டம் என்றும் சொன்னேன்.

அவர் உண்மையிலேயே போய் வந்தார். மாலையில் எங்கள் வாசலில் நின்றார்.

"டாக்டர் ரெண்டு காதும் அருமையா இருக்குன்னுட்டார் டீச்சர். ஊசி விழுந்தாக் கேக்குமாம். தெருவே கேக்குதுங்கு, எனக்கு மட்டும் ஏன் கேக்கமாட்டேங்குன்னுதான் புரியல."

அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பரிசோதனைக் கருவிதான் சரியில்லை. தாழ்ந்த அதிர்வெண்களைச் சோதிக்காமல் விட்டிருப்பார்கள். இதை நேரில் போய் டாக்டரிடம் எடுத்துச் சொல்வது என்று முடிவு செய்து பொள்ளாச்சி வழி பஸ் பிடித்தேன்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எதுக்கும் உங்களுக்கும் ஒருக்கா டெஸ்ட் எடுத்துப் பாத்தர்லாமுங்க" என்றார். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்து, காதுகளில் ஹெட்போனை மாட்டி, கனமான கதவைச் சாத்தினார்கள்.

வெளியுலகம் முழுவதும் அணைந்தது. பொன்வண்டு மட்டும் இருந்தது. அதுவரை நான் கேட்டதிலேயே உரக்க, நிதானமாக, இடது பக்கத்தில். உடுமலையின் காற்றாலைகளும் மூடிய கிணறும் நார் மில்லும் என்னோடு பஸ் ஏறி வந்து அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தன. டாக்டர் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் வெளியே வந்து வாதாடினேன்.

"உங்க காதுக்குள்ளயே உண்டாகுற சத்தமுங்க இது. இடது காதுல கேக்குற திறன் கொஞ்சம் கொறஞ்சிருக்குது. வேற யாருக்கும் கேக்காது" என்றார்.

"எங்க தெருவுல எல்லாத்துக்கும் கேக்குதுங்களே டாக்டர்."

அவரும் நம் பக்கத்துக்காரர்தான். என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "அப்படீங்களா. இருக்குமுங்க" என்றார்.

இது முழுதாகப் போகாது, பழகிவிடும் என்றார். ஒரேயடியாக அமைதியில் இருக்காதீர்கள், பக்கத்தில் மெதுவாகவும் சீராகவும் ஏதாவது சத்தம் இருந்தால் இது அமுங்கிவிடும் என்றும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் பஸ் நல்ல இரைச்சலாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, யார் யாரிடமெல்லாம் கேட்டேன், அவர்கள் எப்படித் தலையைச் சாய்த்தார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

"இல்ல அம்மணி."

"அப்பறம் ஏனுங்க தரையில படுத்தெல்லாம் பாத்தீங்க?"

"நீ அத்தன ஆசையாக் கேக்கறே. வெடுக்குனு இல்லேன்னு சொன்னா நல்லாருக்குமா?" என்றவர், "படுத்துப் பாத்தப்ப ஒருவேள கேட்டாலும் கேக்கும்னு ஒரு நெனப்புத்தான்" என்றார்.

தங்கையிடம் போனில் கேட்டேன். "நீங்க வருத்தப்படுவீங்கன்னுதானுங்கக்கா" என்றாள்.

மறுநாள் வங்கி அதிகாரியின் வீட்டுக்குப் போனேன். அவர் ஒருவர்தான் உண்மையைச் சொன்னவர். மரியாதையாக அதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் நெளிந்தார்.

"இல்ல டீச்சர். போன வாரத்துலேருந்து எனக்கும் லேசாக் கேக்குதுங்க."

'ங்க' போட்டுப் பேசியதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை. எண்ணெய்க் கிண்ணம் ஜன்னலில் காலியாக இருந்தது. எத்தனை நாள்தான் ஒரு மனிதர் தனியாக நல்ல காதை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் இருப்பார்?

பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லப் போனபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கிணறு இருந்த இடத்தில் தகரக் கூரை போட்டு ஒரு பிள்ளையாரை வைத்திருந்தார்கள். பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்தாயிற்று. நான் என் காதைத் தொட்டுக் காட்டி விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க காதுல இருக்கறது வேறயா இருக்குமுங்க டீச்சர். எங்களுக்குக் கேக்கறது கெணறு. பூசை செஞ்சதுக்கப்பறம் எவ்வளவோ கொறஞ்சிருச்சுங்க." அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மரியாதைக்காகக் கேட்க ஆரம்பித்தவர்களுக்கு எந்த நாளில் உண்மையாகவே கேட்டது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

பிள்ளையாரின் பக்கத்தில், எப்போதும் ஓம் என்று ஒலித்துக்கொண்டே இருக்கும் சின்னப் பெட்டி ஒன்றையும் மாட்டியிருந்தார்கள். கிணற்றின் முனகலுக்குப் பதில் சொல்வதற்காம். அதன் ஒலி மெதுவாக, சீராக எங்கள் வீட்டுக் கூடம் வரை வந்தது. கூடத்தில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். பாதிக் கட்டு முடிந்த பிறகுதான் கவனித்தேன், பொன்வண்டைக் காணோம். டாக்டர் சொன்ன வைத்தியம்தான். ஓர் ஒலியின் மேல் இன்னோர் ஒலி படிந்து முதலாவதை மறைப்பது. பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் இயற்பியல்தான்.

சில மாதங்கள் கழித்து ஒரு மழைக்குப் பிறகு பெட்டி நின்றுபோனது. ஒரு நாள் பொறுத்தேன், இரண்டாம் நாள் முடியவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் மதிலோரம் போய் நின்றேன்.

"ஏனுங்க, சாமிப் பொட்டி பாடலீங்களே?"

பக்கத்து வீட்டு அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நீங்களே கேட்டுப்போட்டீங்களே டீச்சர்! இன்னிக்கே புதுசு மாட்டச் சொல்லிப்போடறேனுங்க. இப்பவாச்சும் நம்பிக்கை வந்துதுங்களா?"

ஒலி மறைப்பைப் பற்றி விளக்க வாயெடுத்தேன். அவர் அவ்வளவு ஆசையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க" என்றேன்.