சிவராஜுக்குப் போட்ட ஊசி

கட்டிங் செக்‌ஷன் திருமூர்த்திக்கு உலகத்தில் ஆகாத ஆள் ஒருவன்தான். டெய்லர் செக்‌ஷன் சிவராஜ். பனியன் கம்பெனியின் வாலிபால் அணியில், வலையோரம் எகிறி அடிக்கும் அந்த ஓர் இடத்துக்கு இருவரும் போட்டி. சிவராஜுக்கு வருஷம் தவறாமல் முட்டி பிடித்துக்கொள்ளும். இடம் திருமூர்த்திக்கு வரும். அந்த முட்டியை நம்பி நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தான்.

2009 ஆடியில் முதலாளி நஞ்சப்பன் சிவராஜைத் தம் காரிலேயே கோயமுத்தூருக்கு அனுப்பினார். அங்கே அவன் ரத்தத்தையே எடுத்து, மிஷினில் சுழற்றி, பிரிந்துவந்த மஞ்சள் நீரை முட்டியில் ஊசியாகப் போட்டார்கள். சாயப்பட்டறையில் ஈரத்துணியை மிஷினில் சுழற்றித் தண்ணீர் பிரிக்கிற கதைதான் என்று கம்பெனியே வியந்தது.

நியாயமாகத் திருமூர்த்தி தன் இடத்துக்காகப் பயந்திருக்க வேண்டும். அவனோ ஊசிக்காக வெந்தான். ஏசி கார், பெரிய ஆஸ்பத்திரி, முதலாளி வீட்டிலிருந்து இளநீர்! அவனுக்கும் ஆட்டக்காலத்தில் வலது முழங்கை வலிப்பதுண்டு. எண்ணெய் தேய்த்தால் போய்விடும். போய்விடுகிறதே என்று இப்போது வருத்தப்பட்டான்.

"அந்தப் பையனுக்கு முட்டி போச்சு. உங்களுக்கு என்னங்க போச்சு?" என்றாள் மனைவி சித்ரகலா.

"மானம் போச்சு."

"அதுக்கு ஊசி கண்டுபுடிக்கலீங்க."

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கு ஒரு செக்‌ஷனுக்குத் துண்டு கொடுத்தால் அடுத்த செக்‌ஷனுக்கும் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் வேலை நிற்கும். சரக்கு கப்பலேறும் அவசரத்தில் எல்லோரும் பறந்துகொண்டிருந்த ஒரு நாள், திருமூர்த்தி முழங்கையைப் பிடித்தபடி முதலாளி முன் போய் நின்றான்.

"ஏனுங்க, டெய்லருக்கு மட்டுந்தான் ரத்தம் ஓடுதுங்களா? கட்டிங்குல ஓடறது சாயத்தண்ணிங்களா?"

"போயிட்டு வா சாமி, போயிட்டு வா" என்றார் நஞ்சப்பன்.

டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஊசி வேண்டாம். உடற்பயிற்சி போதும்."

"சிவராஜுக்குப் போட்டீங்களே?"

"அவருக்கு நாலு வருஷமா வலி."

"எனக்கு அஞ்சு வருசமுங்க."

டாக்டர் பெருமூச்சோடு ஊசியைப் போட்டார். ஊசி இறங்கியதும் திருமூர்த்திக்குக் கண் இருட்டியது. கடைசியாக அவர் சொன்னதைக் கேட்டதும் அதைவிட அதிகமாக இருட்டியது. ஒன்றரை மாசத்துக்குப் பந்தைத் தொடக்கூடாது. ஆயுத பூஜை மேட்சுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

மேட்ச் அன்று கம்பெனி மைதானத்தில் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஓய்வுக்காலம் முடிந்த சிவராஜ் ஆடப்போகும் முன் ஓடிவந்து குனிந்தான்.

"கை வலிக்குதுங்களாண்ணா?"

"உசுரு போகுது கண்ணு" என்றான் திருமூர்த்தி. அன்று அது பொய்யில்லை.

சிவராஜ் எகிறினான். ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் திருமூர்த்தி அந்த முட்டியையே உற்றுப் பார்த்தான். அது அசையாமல் நின்றது. எதிர்த்து ஆடிய குன்னத்தூர் அணி மண்ணைக் கவ்வியது. சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

திருமூர்த்தி மட்டும் தட்டவில்லை. கேட்டவர்களிடம் டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்றான்.