அரை டாக்டர்

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சீட்டு எழுதி, மறு கையால் மேசைமேல் ஏறும் பூனையைத் தள்ளிவிடுகிறார். "தயிரா? குடுக்கலாம்ங்க. இனிப்பு இல்லாத வெறும் தயிர். சின்ன நாய்னா ஒரு ஸ்பூன், அதுக்கு மேல வேணாம். டப்பா கையில இருக்கா? பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசைதான் அவருக்கு. பெயர் எழுதி, எடை பார்த்து, உள்ளே அனுப்பினால் போதும். ஆனால் பதினாறு வருடமாக டாக்டர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, பாதி வைத்தியம் வாயில் வந்துவிட்டது. 'அரை டாக்டர்' என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோகும். முழு டாக்டர் தாமதமாக வந்தால் இன்னும் நல்லது.

பொடி எழுத்தைப் படிக்கச் சொல்வது மூன்று வாரப் பழக்கம். அதற்கு முன்பு வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒரே பதில்தான்: "தயிர்தானே? தாராளமா குடுங்க!" நாய் வளர்க்கும் ஒரு தையல்கார அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னார். அந்த அம்மா வீட்டில் இருந்தது, சர்க்கரை சேர்க்காத இனிப்புத் தயிர். சர்க்கரைக்குப் பதில் அதில் போட்டிருந்த பொருள் மனிதர்களை ஒன்றும் செய்யாது, நாய்க்கு விஷம். நாய் நடுங்கி, கால் பின்னி விழ, அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடி வந்தார்.

"யாரும்மா இதைக் குடுக்கச் சொன்னது?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

அந்த அம்மா வரவேற்பு மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் குடுத்துட்டேன்."

இவர் எடை இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நாய் பிழைத்துவிட்டது. இவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகுமோ என்ற பயம் ஒரு பக்கம், சொல்லாத வெட்கம் மறு பக்கம். "அவங்க என்னைக் காட்டிக் குடுத்திருந்தாக்கூட தேவலை," என்று வீட்டில் புலம்பினார். "இப்ப மட்டும் உங்க வாயை யாரு கட்டிப்போட்டா?" என்றாள் மனைவி.

இன்று அந்த நாய்க்கு மறுபரிசோதனை. டாக்டர் அறைக் கதவு திறந்தே இருந்தது. "இனிமேலாவது கேட்டுட்டுக் குடுங்கம்மா," என்று டாக்டர் மறுபடியும் ஆரம்பித்தார். அந்த அம்மா திட்டு வாங்கும் பிள்ளைபோலத் தலைகுனிந்து நின்றார்.

மணியடித்த தொலைபேசியை அப்படியே விட்டுவிட்டு இவர் எழுந்து உள்ளே போனார்.

"கேட்டுட்டுத்தான் குடுத்தாங்க டாக்டர்," என்று சொல்லி, நிமிர்ந்து பார்க்காமலே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.