கூட வந்தவள்

லாண்டரியில் இஸ்திரி போடும் பெரியவளுக்குத் தங்கையைக் கண்டாலே வயிறு எரியும். அதை அவள் மறைத்ததும் இல்லை. ஜன்னலோரப் படுக்கை சின்னவளுக்கு, புதுச் செருப்பு சின்னவளுக்கு, காலேஜ் படிப்பும் சின்னவளுக்கு. அதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டாள். ஆனால் சின்னவள் ஒரே ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியதும், லேடி டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மா கிளம்பினாள் பாருங்கள், அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

"நான் துடிச்சப்போ மட்டும் உனக்குக் காது கேக்கலையாம்மா?"

"எனக்கு என்னடி தெரியும் அப்போ? கல்யாணம் ஆகாத பொண்ணப் படுக்கவெச்சு என்னென்னமோ பண்ணுவாங்களோன்னு பயந்தேன். கல்யாணம் ஆனா தானா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க."

கல்யாணமும் ஆகவில்லை, சரியாகவும் போகவில்லை. மாதவிடாய் நெருங்கினாலே பெரியவள், தேய்த்து மடித்த போர்வையைச் சூடு ஆறுமுன் அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு நிற்பாள். வாந்தி வந்தால் பின்பக்கம் ஓடிப் போய்விட்டு வந்து மறுபடி இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பாள். ஒரு போர்வைக்கு இவ்வளவு நேரமா என்று முதலாளியம்மா முணுமுணுப்பாள்.

கிளம்பும் நேரத்தில் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. "நீ கூடப் போயிட்டு வாடி" என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததுபோல் இருந்தது.

டாக்டரின் அறையில் சின்னவள், கழுத்தில் தொங்கிய காலேஜ் அடையாள அட்டையைத் திருகியபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயப்படாதம்மா. முதல் தடவை பெரும்பாலும் பேச்சுதான். உள்பரிசோதனையெல்லாம் தேவைப்பட்டாத்தான், அதுவும் உன்னைக் கேட்டுட்டுத்தான்" என்றார் டாக்டர். "வலி எப்போ ஆரம்பிக்கும்?"

பள்ளிக்கூடமோ கடையோ, சின்னவளைக் கேட்டால் பெரியவள் பதில் சொல்வதுதான் அந்த வீட்டு வழக்கம். இப்போதும் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு நாள் முன்னாடியே டாக்டர்."

"மாத்திரை போட்டா?"

"எதுக்கும் கேக்காது. வருஷா வருஷம் கூடிட்டேதான் போகுது. கண்ணு இருட்டிக்கிட்டு வரும், வாந்தி வரும். சூடா போர்வையை வெச்சு அழுத்தினாத்தான் நிக்கவே முடியும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "காலேஜ்ல சூடான போர்வை எங்கே கிடைக்குது?"

சின்னவள் தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கு முதல் நாள் மட்டும்தான் டாக்டர். மாத்திரை போட்டா போயிடும். இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அக்காவோட வலி."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அதையும் இவள் வாயால்தான் சொல்ல வேண்டுமா?

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அப்போ முதல்ல உங்களைத்தான் பாக்கணும். வயித்தை அழுத்திப் பாக்கறேன், வயித்து மேலயே வெச்சு ஸ்கேன் எடுத்துடலாம். அதுக்குக் கல்யாணம் ஆகியிருக்கணும்னு இல்ல. எப்பவோ வந்திருக்கணுமே, ஏன் வரல?"

"கூட்டிட்டு வர ஆள் இல்ல" என்றாள் பெரியவள்.

அவள் கட்டிலில் ஏறிப் படுத்ததும் நர்ஸ் திரையை இழுத்தாள். "இவங்க கூட யாரு வந்திருக்கீங்க?"

பழக்கதோஷத்தில் பெரியவளே பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சின்னவள் திரைக்கு உள்ளே வந்து நின்று, அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று அப்போதும் பெரியவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் தங்கையின் கையை விடவில்லை.